ஸ்டர்லிங் கோட்டைக்குப் போய் வந்தோம். பழைய கோட்டை எங்கே?

மழைத்தூறல் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். ஸ்காட்லாந்து வரலாறு தெரிந்தவர்கள் இங்கே இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் கேட்கிறேன்.

போன சனிக்கிழமை அப்பாவை ஸ்டர்லிங் கோட்டைக்குக் கூட்டிப்போனேன். நான் கிளாஸ்கோவில் வேலை பார்க்கிறேன். அப்பா இரண்டு மாதம் என்னோடு இருக்க வந்திருக்கிறார். முப்பத்திரண்டு வருடம் பள்ளியில் வரலாறு நடத்தியவர். விமானம் ஏறுவதற்கு முன்பே "எடின்பரோ இருக்கட்டும், முதலில் ஸ்டர்லிங் போகணும்மா" என்று சொல்லிவிட்டார்.

ரயிலிலிருந்தே பாறை உச்சியில் கோட்டை தெரிந்தது. அப்பா சன்னலோடு ஒட்டிக்கொண்டார். ஊருக்குள் ஏறிப்போகும் தெரு நல்ல செங்குத்து. இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டுதான் மேலே போனோம். வாசலுக்கு முன்னால் இருக்கும் மைதானத்தில் ஸ்காட்லாந்து அரசர் ராபர்ட் புரூஸின் சிலை. அதன் பக்கத்தில் நிமிர்ந்து நின்று ஒரு படம் எடுக்கச் சொன்னார். அவ்வளவு சந்தோஷமாக அவரைப் பார்த்து ரொம்ப நாளாயிற்று.

உள்ளே போனதும் முகம் மாறிவிட்டது. முதல் வாசலும் மதிலும் 18-ஆம் நூற்றாண்டு என்று பலகை சொன்னது. அதைத் தாண்டினால் பெருமண்டபம் மஞ்சளாக, நேற்றுத்தான் பூசி முடித்த மாதிரி நிற்கிறது. உள்ளே கூரை மரமும் புதிது. அரண்மனை அறைகளில் சிவப்பும் நீலமும் தங்கமுமாகக் கண்ணைப் பறிக்கும் வண்ணம். அப்பா உள்முற்றத்தில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு, "தொள்ளாயிரம் வருஷத்துக் கோட்டை என்று சொல்லிக் கூட்டி வந்தாய். அதில் ஒரு எழுநூறு வருஷத்துக் கல்லையாவது காட்டு, போதும்" என்றார். நான் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். எனக்குக் காட்டத் தெரியவில்லை.

அதனால் கேட்கிறேன். எழுநூறு வருஷத்துக்கு முன் ஆங்கிலேயரை எதிர்த்து வாலஸும் புரூஸும் சண்டை போட்ட அந்தக் கோட்டையில் ஏதாவது மிச்சம் இருக்கிறதா? அந்த மஞ்சள் நிறம் உண்மையிலேயே பழைய வழக்கம்தானா, அல்லது சுற்றுலாவுக்காகச் செய்ததா? அப்புறம், எங்கள் பக்கத்தில் வந்த ஒருவர் ஒரு கண்ணாடிச் சன்னலைக் காட்டி, "இதன் வழியாகத்தான் டக்ளஸ் பிரபுவின் உடலை வீசினார்கள்" என்று தன் பிள்ளைகளிடம் சொன்னார். அது சரிதானா?

அப்பா ஊருக்குத் திரும்ப இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. இன்னொரு முறை கூட்டிப்போக ஆசை. இந்த முறை எங்கே நிற்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு போக வேண்டும்.

பாறைமேல்வீடு எழுதியது:

முதலில் அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். அந்த இடத்தில் கேட்க வேண்டிய கேள்வியைத்தான் அவர் கேட்டிருக்கிறார். நான் ஸ்டர்லிங்கில் பதினோரு வருடமாகக் குடியிருக்கிறேன். வேலை முடிந்து வந்ததும் கோட்டைப் பாறையின் கீழே சுற்றிப்போகும் நடைபாதையில் ஒரு சுற்று நடக்காவிட்டால் எனக்கு நாள் முடிந்த மாதிரியே இருக்காது. ஆகவே கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பா யார் சிலைக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டாரோ, அவர்தான் அந்தக் கோட்டையை இடித்தவர்.

ஆமாம், ராபர்ட் புரூஸ்தான். 1314-இல், பானக்பர்ன் போரில் ஜெயித்த கையோடு. அது ஏன் என்று புரிய வேண்டுமானால் அந்தப் பாறை எங்கே நிற்கிறது என்று பார்க்க வேண்டும். அடுத்த முறை போகும்போது மதிலில் சாய்ந்து வடக்கே பாருங்கள். ஃபோர்த் ஆறு சமவெளியில் பாம்பு மாதிரி வளைந்து வளைந்து போவது தெரியும். அந்தக் காலத்தில் கடல் பக்கமிருந்து வருகிறவனுக்கு அந்த ஆற்றில் கிடைக்கும் முதல் பாலம் ஸ்டர்லிங்தான். மேற்கே திரும்பினால் மைல் கணக்கில் சதுப்பு நிலம். படையும் வண்டியும் அதில் இறங்க முடியாது. தெற்கிலிருந்து வடக்கே போகிற எவனும் இந்தப் பாறையின் கண்ணில் படாமல் போக வழியில்லை. கோட்டை யார் கையிலோ, நாட்டின் கழுத்து அவர் கையில்.

அதனால் பட்ட பாட்டைக் கேளுங்கள். 1296-இல் இங்கிலாந்தின் முதலாம் எட்வர்ட் பிடித்தார். 1297-இல் வாலஸும் ஆண்ட்ரூ மோரேயும் பாலத்தடியில் ஆங்கிலப் படையை நொறுக்கியபின் ஸ்காட்லாந்துக்காரர்கள் கைக்கு வந்தது. 1298-இல் மறுபடி ஆங்கிலேயர். 1299-இல் மறுபடி இவர்கள். 1304-இல் எட்வர்ட். 1314-இல் புரூஸ். 1336-க்குள் மூன்றாம் எட்வர்டின் ஆட்கள். 1342-இல் கடைசியாக ஸ்காட்லாந்து. ஐம்பது வருடத்துக்குள் எட்டு முறை கைமாறியிருக்கிறது. அத்தனைக்கும் பிறகு எந்தக் கல் நிற்கும்?

இதில் 1304 முற்றுகையை மட்டும் அப்பாவிடம் விரிவாகச் சொல்லுங்கள். உள்ளே வில்லியம் ஆலிஃபன்ட்டும் ஒரு சிறு கூட்டமும். வெளியே முதலாம் எட்வர்ட், அறுபத்தைந்து வயது, நாட்டில் மற்ற கோட்டைகள் எல்லாம் பணிந்துவிட்டன, இந்த ஒரு பாறை மட்டும் பணியவில்லை. ஏப்ரலில் தொடங்கி ஜூலை வரை கல்லெறி பொறிகளை வரிசையாக நிறுத்தி அடித்தார். பொறிகளுக்கு எடை வேண்டுமே, அதற்காகச் சுற்றுவட்டாரத் தேவாலயங்களின் கூரையிலிருந்து ஈயத் தகட்டை உரித்து எடுத்தார்கள். போதாதென்று ஐந்து தலைமைத் தச்சர்களையும் ஐம்பது ஆட்களையும் வைத்துப் பிரம்மாண்டமான ஒரு பொறி செய்யச் சொன்னார். அதற்குப் பெயர் வார்வுல்ஃப், அதாவது போர் ஓநாய். அது கோக்கப்படுவதைப் பார்த்துவிட்டு உள்ளே இருந்தவர்கள் சரணடைகிறோம் என்றார்கள். எட்வர்ட் ஒத்துக்கொள்ளவில்லை. பொறி வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டும், அதுவரை யாரும் வெளியே வரக்கூடாது என்றார். சரணடைய வந்தவர்களைத் திருப்பி உள்ளே அனுப்பிவிட்டு, அந்த மதிலை உடைத்துப் பார்த்தார். அரச குடும்பத்துப் பெண்கள் பார்ப்பதற்காக ஊருக்குள் ஒரு வீட்டில் தனியாக ஒரு சன்னலே வைத்துக் கொடுத்தார்கள். இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. உள்ளே இருந்தவர்கள் அந்த ஒரு நாளை எப்படிக் கழித்திருப்பார்கள் என்றே ஓடிக்கொண்டிருந்தது.

பத்து வருடம் கழித்து நிலைமை தலைகீழ். கோட்டை ஆங்கிலேயர் கையில், பொறுப்பில் ஃபிலிப் மோபரே. 1314 ஜூன் 24-க்குள், அதாவது நடுக்கோடை நாளுக்குள், உதவிப்படை வராவிட்டால் கோட்டையை ஒப்படைக்கிறேன் என்று அவர் ஒப்பந்தம் போட்டிருந்தார். உதவிப்படை வந்தது, இரண்டாம் எட்வர்டே கூட்டி வந்தார், கோட்டை கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் பானக்பர்னில் தோற்றார். ஓடிவந்து கோட்டை வாசலில் நின்ற அரசரை மோபரே உள்ளே விடவில்லை. உள்ளே வந்தால் பிடிபடுவீர்கள், போய்விடுங்கள் என்று அனுப்பிவிட்டார்.

கோட்டை புரூஸ் கைக்கு வந்தது. அதை வைத்துக்கொள்ளாமல் இடிக்கச் சொன்னார். எடின்பரோவுக்கும் ராக்ஸ்பரோவுக்கும் அதே வருடம் அதே கதிதான் செய்தார். மறுபடி எதிரி பிடித்தால் அங்கே உட்கார்ந்துகொண்டு நாட்டை ஆட்டிவைப்பான், உட்கார இடமே இல்லாமல் செய்துவிட்டால் போதும் என்ற கணக்கு. வலியோடுதான் செய்திருப்பார். ஏனென்றால் அது வெறும் படைவீடு இல்லை. 1110 வாக்கில் முதலாம் அலெக்சாண்டர் இங்கே ஒரு சிறு தேவாலயத்துக்கு மானியம் ஏற்படுத்தினார் என்பதுதான் இந்த இடத்தைப் பற்றிய முதல் எழுத்துச் சான்று. அவர் 1124-இல் இறந்ததும் இங்கேதான். வில்லியம் அரசர் 1214-இல் இறந்ததும் ஸ்டர்லிங்கில்தான். இருநூறு வருடமாக அரசர்கள் வாழ்ந்து இறந்த வீடு அது.

ஆகவே அப்பாவுக்கு நேரான பதில்: வாலஸும் புரூஸும் பார்த்த கோட்டையில் இன்று நிமிர்ந்து நிற்கும் சுவர் எதுவும் இல்லை. ஆனால் எழுநூறுக்குக் கொஞ்சம் குறைவாக ஒரு கல் இருக்கிறது. உள்முற்றத்திலிருந்து சமையற்கூடங்கள் பக்கமாக இறங்கிப்போங்கள். வடக்கு வாசல் வரும். 1381-இல் கட்டியது. கோட்டையில் இன்று நிற்பதிலேயே மூத்தது அதுதான். அலங்காரம் ஒன்றும் கிடையாது, கறுத்துப்போன கல், குறுகலான வளைவு. எல்லோரும் புல்வெளிக்கு அவசரமாக இறங்குகிற வழி என்று நினைத்து அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

அதைக் கட்டியவர் யார் என்பதுதான் எனக்குப் பிடித்த விஷயம். 1342-இல் ஆங்கிலேயரிடமிருந்து இந்தக் கோட்டையை மீட்ட ராபர்ட் ஸ்டூவர்ட் பின்னால் 1371-இல் இரண்டாம் ராபர்ட் என்று அரசரானார். அவர் ஆட்சியில்தான் அந்த வாசல் எழுந்தது. அவர் அம்மா மார்ஜரி, ராபர்ட் புரூஸின் மகள். பாட்டன் இடித்த இடத்தில் பேரன் வைத்த கல் அது. அப்பாவை அங்கே நிற்க வைத்து இதைச் சொல்லுங்கள்.

மற்றபடி நீங்கள் பார்த்தது பெரும்பாலும் ஒரே நூறு வருடத்துக் கட்டடங்கள்: அரசரின் பழைய மாளிகை 1496, பெருமண்டபம் 1503, அரண்மனை 1540-ஐ ஒட்டி, அரச தேவாலயம் 1594. நான்காம் ஜேம்ஸ், அவர் மகன் ஐந்தாம் ஜேம்ஸ், பேத்தியின் மகன் ஆறாம் ஜேம்ஸ். வெளி மதில் 1708-க்குப் பின், பீரங்கிக் காலத்துக்காகச் செய்தது. அதை வேகமாகத் தாண்டிப் போய்விடலாம்.

சுண்ணாம்புச்சட்டி எழுதியது:

மஞ்சள் பூச்சைப் பற்றி நான் சொல்கிறேன். இருபது வருடமாகப் பழைய கல் கட்டடங்களைப் பழுதுபார்ப்பதுதான் என் தொழில். ஸ்டர்லிங்கில் நான் வேலை செய்ததில்லை, ஆனால் அந்தச் சுவர் முன்னால் பல முறை நின்றிருக்கிறேன்.

அது பெயிண்ட் இல்லை, சுண்ணாம்பு. நீற்றிய சுண்ணாம்பைத் தண்ணீர் மாதிரிக் கரைத்து, காவிமண் வகை நிறத்தைக் கலந்து, மெல்லிசாகப் பல கை பூசுவார்கள். ஒரு கை பூசும்போது வெறும் மோர் தெளித்த மாதிரிதான் இருக்கும், ஒன்றும் ஒட்டவில்லையோ என்று தோன்றும். காற்றிலிருக்கும் கரியமில வாயுவை வாங்கி வாங்கி மெதுவாகக் கல்லாக இறுகும். அதற்கு மேல் அடுத்த கை. இப்படி ஐந்தாறு கை போனால்தான் நிறம் எழுந்து நிற்கும். மணற்கல்லுக்கு இதைவிட நல்ல சட்டை கிடையாது. மழையை வெளியே நிறுத்தும், உள்ளே புகுந்த ஈரத்தையும் வெளியே விடும். சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே மாட்டிக்கொண்டு, பனிக்காலத்தில் உறைந்து கல்லின் முகத்தைப் பொருக்கு பொருக்காகத் தள்ளிவிடும். அப்படிப் பாழாய்ப் போன சுவர்களை நான் கையால் தொட்டுப் பார்த்திருக்கிறேன். உள்ளங்கையில் மணலாகக் கொட்டும்.

நிறத்தையும் யாரும் இஷ்டத்துக்குத் தேர்ந்தெடுக்கவில்லை. மண்டபச் சுவரில் ஒட்டியிருந்த பழைய பூச்சின் தடயத்தை வைத்துத்தான் செய்தார்கள். அரசரின் தங்கம் என்றே அதற்குப் பெயர். நான்காம் ஜேம்ஸ் காலத்தில் மைல் கணக்குத் தூரத்திலிருந்து வருகிறவனுக்குப் பாறை கறுப்பாகவும் அதன் உச்சியில் இந்த ஒரு மண்டபம் மட்டும் தங்கமாகவும் தெரிந்திருக்கும். அரசர் வீட்டில் இருக்கிறார் என்று சொல்கிற நிறம்.

கூரை புதிதுதான், அப்பா சொன்னது சரி. ஆனால் அது ஏன் புதிது என்பதையும் பார்க்க வேண்டும். 1603-இல் ஆறாம் ஜேம்ஸ் இங்கிலாந்துக்கும் அரசராகி லண்டன் போய்விட்டார். அதோடு இந்த வீட்டில் அரச குடும்பம் குடியிருப்பது நின்றுவிட்டது. மெல்ல மெல்லப் படைவீடாயிற்று. 1800 வாக்கில் அந்த மண்டபத்தின் கூரையைக் கழற்றி எறிந்துவிட்டு, நடுவே இரண்டு தளம் போட்டு, குறுக்குச் சுவர் ஐந்து எழுப்பி, சிப்பாய்கள் தங்கும் அறைகளாகத் தடுத்தார்கள். ஐந்து பெரிய அடுப்புகள் இருந்த மண்டபம் அது. நூற்று அறுபது வருடம் அப்படியே கிடந்தது. ராணுவம் 1964-இல் வெளியேறிய பிறகு ஆரம்பித்த வேலை 1999 நவம்பர் 30 அன்றுதான் முடிந்து திறந்தது. முப்பத்தைந்து வருடம். அதில் வேலைக்குச் சேர்ந்த எத்தனை பேர் முடிவதற்குள் ஓய்வு பெற்றிருப்பார்களோ.

முடிந்தால் மழை நாளில் போங்கள். சுண்ணாம்பு நனைந்தால் நிறம் அடங்கிவிடும், கண்ணைக் குத்தாது. வெயிலில் பார்த்ததற்கும் அதற்கும் சம்பந்தமே இருக்காது.

ஏட்டுப்பூச்சி எழுதியது:

டக்ளஸ் சன்னல் பற்றி மட்டும். அந்தக் கதையில் கொலை உண்மை, சன்னல் உண்மையில்லை.

1452 பிப்ரவரி 22. ஸ்காட்லாந்து அரசர் இரண்டாம் ஜேம்ஸுக்கு இருபத்தொரு வயது. எட்டாம் டக்ளஸ் பிரபுவான வில்லியமுக்கு உயிருக்கு ஆபத்து வராது என்று எழுத்தில் உறுதி கொடுத்து ஸ்டர்லிங்குக்கு விருந்துக்கு அழைத்தார். பிரபு மற்ற இரண்டு பிரபுக்களோடு போட்டிருந்த கூட்டை முறித்துக்கொள்ளச் சொன்னார். அவர் மறுத்தார். அரசரே கத்தியை எடுத்துக் குத்தினார், பிறகு சுற்றி நின்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். உடலில் 26 காயம் என்று காலவரிசை ஏடு சொல்கிறது. சன்னல் வழியே வீசினார்கள் என்பதும் பழைய பேச்சுதான். ஒரு மாதத்தில் டக்ளஸ் ஆட்கள் திரும்பி வந்து, அரசர் கொடுத்த அந்த உறுதிப் பத்திரத்தை ஊருக்கே காட்டிவிட்டு ஊரைக் கொளுத்தினார்கள்.

ஆனால் சன்னல் இருக்கும் அரசரின் பழைய மாளிகை 1496-இல் கட்டியது. கொலை நடந்து நாற்பத்து நான்கு வருடம் கழித்து. அதிலும் அதன் வடக்குப் பகுதி 1855-இல் தீப்பிடித்து எரிந்து மறுபடி கட்டினார்கள். அந்த வண்ணக் கண்ணாடி டக்ளஸ் குடும்ப முத்திரையோடு நினைவுக்காக வைத்தது. 1797-இல் கீழே இருக்கும் தோட்டத்தில் ஒரு எலும்புக்கூடு கிடைத்தது என்பது நிஜம். அது அவருடையதுதான் என்று ஊர் நம்புகிறது.

தறிநூல் எழுதியது:

அரண்மனை அறைகளின் வண்ணத்தைப் பார்த்து அப்பா முகம் சுளித்தார் என்று படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. தம்பி தங்கைகள் எல்லோரும் மதிலையும் முற்றுகையையும் பற்றியே பேசுகிறீர்கள். அது ஒரு வீடு. வீட்டுக்குள் இருந்ததைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன்.

ஐந்தாம் ஜேம்ஸ் 1538-இல் பிரான்ஸிலிருந்து வந்த மேரி டி கீஸை மணந்தார். அவளுக்காகவும், தானும் பிரெஞ்சு அரசருக்குக் குறைந்தவனில்லை என்று காட்டவும் எழுப்பிய அரண்மனை அது. அரசருக்கு மூன்று அறை, அரசிக்கு மூன்று அறை. முதல் கூடம், உள் கூடம், படுக்கையறை. யார் எந்த அறை வரைக்கும் வரலாம் என்பதில்தான் அவரவர் மரியாதை இருந்தது. முதல் கூடத்திலேயே நாள் முழுக்கக் காத்திருந்து திரும்பிப் போனவர்கள் எத்தனையோ பேர் இருந்திருப்பார்கள்.

அரசரின் உள் கூடத்து மேற்கூரையில் ஓக் மரத்தில் செதுக்கிய வட்ட வட்டமான தலைகள் இருக்கின்றன அல்லவா, அண்ணாந்து பார்த்தீர்களா? நீங்கள் பார்த்தது வண்ணம் தீட்டிய நகல். அசல் தலைகள் மாடியில் ஒரு கூடத்தில், வண்ணமில்லாமல், கண் மட்டத்தில் இருக்கின்றன. அப்பாவை அங்கே கூட்டிப்போங்கள். ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு மேசையின் அகலம். அரசர், அரசி, ரோமப் பேரரசர், ஹெர்குலிஸ், ஒரு கோமாளி. 1777-இல் கூரையிலிருந்து ஒன்று விழுந்ததால் எல்லாவற்றையும் கழற்றிவிட்டார்கள், அவை யார் யார் கைக்கோ போய் அலைந்து, பெரும்பாலானவை திரும்பி வந்தன. உளி ஓடிய தடம் கன்னத்தில் இன்னும் தெரிகிறது. ஒரு பெண் தலையைச் சுற்றிய விளிம்பில் மட்டும் 0, I, II என்று குறிகள் வரிசையாகப் போகும். அது யாழ் போன்ற கருவிக்கான இசைக்குறிப்பாக இருக்கலாம் என்று இப்போது வாசித்துப் பார்க்கிறார்கள். நான் அதன் முன்னால் நின்று விரலை மடக்கி மடக்கி ஒரு முழுச் சுற்று எண்ணியிருக்கிறேன்.

அறையில் தொங்கும் ஒற்றைக்கொம்புக் குதிரைத் திரைச்சீலைகளும் புதியவைதான், 2001-இல் தொடங்கி 2014 வரை நெய்தார்கள். அரசரின் பொருள் பட்டியலில் அப்படி ஒரு தொகுதி இருந்தது என்று எழுதியிருக்கிறது. அசல் போய்விட்டது. அதே காலத்து வேறொரு தொகுதி நியூயார்க்கில் இருக்கிறது, அதைப் பார்த்துத்தான் இவற்றை நெய்தார்கள். சிலவற்றைக் கோட்டைக்குள்ளேயே தறி போட்டு நெய்தார்கள். நான் ஒரு மதியம் முழுக்க நின்று பார்த்தேன். நான் நின்ற நேரத்தில் பூச்செடிக்குள் இருந்த ஒரு முயலின் காது கூட முடியவில்லை. அந்தப் பெண் ஐந்து பழுப்பு நூலைச் சேர்த்துப் பிடித்து, வெளிச்சத்தில் காட்டி, ஒன்றை எடுத்துவிட்டு வேறொன்றைச் சேர்த்தாள். அவ்வளவுதான் அன்றைக்கு என் கண்ணில் பட்ட முன்னேற்றம். அதைப் புதுசு என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. ஐந்தாம் ஜேம்ஸ் தொங்கவிட்ட நாளிலும் அவை புதுசாகத்தான் பளிச்சென்று இருந்திருக்கும்.

மழைத்தூறல் எழுதியது:

எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வதென்றே தெரியவில்லை. நேற்று இரவு சாப்பிட்ட பிறகு எல்லாவற்றையும் அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். "பாட்டன் இடித்தான், பேரன் கட்டினான்" என்று தனக்குள் இரண்டு தடவை சொல்லிக்கொண்டார். அக்கா, தலைகளை நாங்கள் பார்க்கவே இல்லை, மாடி இருப்பதே தெரியாது.

அவருக்கு இன்னொரு கேள்வி. ஸ்டூவர்ட் அரசர்களில் இத்தனை பேர் குழந்தையாக இருக்கும்போதே இங்கே முடிசூட்டப்பட்டார்களே, அது ஏன்?

பாறைமேல்வீடு எழுதியது:

அப்பா கண்ணில் எதுவும் தப்பாது போலிருக்கிறது.

அப்பன்கள் சீக்கிரம் செத்தார்கள், அதுதான் காரணம். நான்காம் ஜேம்ஸ் 1513 செப்டம்பர் 9 அன்று ஃப்ளாடன் போரில் விழுந்தார். பன்னிரண்டு நாளில் அவர் மகனை, ஒன்றரை வயதுக் குழந்தையை, இங்கே அரச தேவாலயத்தில் ஐந்தாம் ஜேம்ஸாக முடிசூட்டினார்கள். அவர் 1542 டிசம்பரில் முப்பது வயதில் இறந்தபோது மகள் மேரி பிறந்து ஆறே நாள். பிறந்தது லின்லித்கோவில். அந்தக் குழந்தையைத் தன் மகனுக்குக் கட்டிவைக்க வேண்டும் என்று இங்கிலாந்து அரசர் எட்டாம் ஹென்றி நெருக்கிக்கொண்டிருந்தார். லின்லித்கோ ஏரிக்கரையில் இருக்கும் அழகான மாளிகை, ஆனால் யாரும் வந்து தூக்கிப் போய்விடலாம். 1543 ஜூலையில் தாய் குழந்தையைத் தூக்கிக்கொண்டு இந்தப் பாறைக்கு வந்துவிட்டாள். செப்டம்பர் 9 அன்று முடிசூட்டினார்கள். ஃப்ளாடனுக்கு முப்பது வருடம் கழித்து, அதே நாள். ஒன்பது மாதக் குழந்தை.

அந்த மேரியின் மகனும் அதே கதைதான். ஆறாம் ஜேம்ஸை இங்கே வைத்துத்தான் வளர்த்தார்கள். 1567 ஏப்ரலில் மேரி ஸ்டர்லிங்குக்கு வந்து மகனைப் பார்த்துவிட்டுப் போனாள், அப்போது அவனுக்குப் பத்து மாதம். அதன் பிறகு தாயும் மகனும் ஒருவரையொருவர் பார்க்கவே இல்லை. ஜூலை 29 அன்று, கோட்டைக்குக் கொஞ்சம் கீழே இருக்கும் ஹோலி ரூட் தேவாலயத்தில், பதின்மூன்று மாதக் குழந்தைக்கு முடிசூட்டினார்கள். சீர்திருத்தப் போதகர் ஜான் நாக்ஸ் பிரசங்கம் செய்தார். அந்தத் தேவாலயம் இன்னும் இருக்கிறது, அப்பா ஏறி வந்த அதே செங்குத்துத் தெருவில்தான். இறங்கும்போது உள்ளே போய்ப் பாருங்கள்.

அந்தப் பையன் வளர்ந்து, தன் மகன் ஹென்றி 1594-இல் இங்கேயே பிறந்தபோது, ஞானஸ்நானத்துக்காகவே பழைய அரச தேவாலயத்தை எடுத்துவிட்டுப் புதிதாக ஒன்றை அதே வருடத்துக்குள் கட்டி முடித்தார். விருந்தில் பெருமண்டபத்துக்குள் பாய்மரத்தோடு ஒரு கப்பலையே கொண்டுவந்து நிறுத்தி, அதிலிருந்து மீன் பரிமாறினார்கள். மஞ்சள் சுவருக்கு உள்ளே நடந்த கடைசிப் பெரிய கொண்டாட்டங்களில் அது ஒன்று. ஒன்பது வருடத்தில் வீடு காலி.

மழைத்தூறல் எழுதியது:

வியாழக்கிழமை விடுப்பு எடுத்துக்கொண்டு போய் வந்தோம். ரயில் கிளம்பும்போதே மழை. சுண்ணாம்புச்சட்டி சொன்னது நினைவுக்கு வந்து நான் சந்தோஷப்பட்டேன், அப்பா குடையைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

நேரே வடக்கு வாசலுக்குத்தான் போனோம். பெருமண்டபத்தைத் தாண்டும்போது அப்பா நின்றார். சுவர் நனைந்து அடங்கி, மஞ்சள் வைக்கோல் போர் நிறத்துக்கு வந்திருந்தது. ஒன்றும் சொல்லவில்லை, தலையை மட்டும் ஆட்டினார். வடக்கு வாசல் வளைவுக்குக் கீழே மழை விழவில்லை. கறுத்த கல்லில் உளி கொத்திய வரிகள் சாய்வாகப் போயின. அப்பா கையுறையைக் கழற்றி உள்ளங்கையைப் பதித்து வைத்தார். பின்னால் ஒரு பள்ளிக்கூடப் பிள்ளைகள் கூட்டம் வந்தது. அவர்களுக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்று, எல்லோரும் போனதும் மறுபடி அதே இடத்தில் கையை வைத்தார். "1381" என்றார். பிறகு என்னிடம் இரண்டாம் ராபர்ட்டைப் பற்றி, நான் அவருக்குப் படித்துக் காட்டியதையே, ஒரு வகுப்பு மாதிரி முழுதாக நடத்தினார். நான் குறுக்கே பேசவில்லை.

தலைகள் இருக்கும் மாடியில் ஒரு மணி நேரம் ஆயிற்று. 0, I, II இருக்கும் தலையை அவர்தான் முதலில் கண்டுபிடித்தார், அக்கா. உங்களைப் போலவே விரல் விட்டு எண்ணினார். பாதியில் எண்ணிக்கை தவறி முதலிலிருந்து ஆரம்பித்தார்.

திரும்பும்போது ஹோலி ரூட் தேவாலயம் பூட்டியிருந்தது. அடுத்த வாரம் திறந்திருக்கும் நேரத்தைப் பார்த்துவிட்டு மூன்றாவது முறை போகிறோம்.